பூர்வீகம் என்ற கட்டம்

இராகலைக்குக் கீழே, தேயிலை முடிந்து
வயல்கள் படியிறங்கத் தொடங்கும் இடத்தில்
பணிய லயத்துக் கானில் படுத்திருந்தது எருமை.
முதுகில் சவர்க்கார நுரை காய்ந்திருந்தது.
மழைக்கும் அசையாது என்று பழமொழி.
மழையே இல்லாத ஆவணியில், வலப்பனைப் பக்கம்
வயல் வெடித்துக் கிடக்க,
சேறு தேடி மூன்று மைல்
மலையேறி அசைந்திருக்கிறது.

வாட்சர் போனில் சொன்னார்:
"தோட்டத்துக்குச் சொந்தமில்லாத உருப்படி. டாக்டர் வரணும்."
நான் டாக்டர் இல்லை.
நைட்ரஜன் குடுவையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு
சினை ஊசி போட அலைகிறவன்.
என் குடுவைக்குள் ஹரியானாவின் முர்ரா காளைகள்
வைக்கோல் பருமன் குழாய்களில் உறைந்து உறங்கும்.
ஒவ்வொன்றுக்கும் தகப்பன் பெயர் உண்டு,
தாய் கறந்த லீற்றர் உண்டு,
கடல் தாண்டியதற்கு முத்திரை உண்டு.

படிவம் கேட்டது: இனம். நிறம். பூர்வீகம்.

எங்கள் வீட்டில் இந்தக் கட்டத்தை நிரப்ப
நாற்பது வருஷமும் இரண்டு ஒப்பந்தமும் ஆனது.
இதற்கு நான் எதை எழுத?
சிந்துக்கரையில் யாரோ ஒருத்தி
கொம்புக்குப் பயந்தபடியே மடியில் கைவைத்த நாளையா?
பார்வைக்கு இது கிழக்கத்திச் சேற்றெருமை,
சீனத்து நெல்லோடு நடந்த கூட்டத்தின் சாயல்.
ரத்தம் எடுத்து எண்ணினால் ஐம்பது இழை,
ஆற்றெருமையின் கணக்கு.
கிழக்கத்தியதற்கு நாற்பத்தெட்டுத்தான்.
முகத்தைப் பார்த்து ஊர் சொல்லாதே என்றார்
பயிற்சியில் ஒரு விரிவுரையாளர்.
பஸ்ஸிலிருந்து இறக்கி
வரிசையில் நிறுத்தப்பட்டவனுக்கு
அது புதிய பாடமா?

இதன் உறவுகள் எங்கெங்கோ.
நைல் கரையில் கழுத்தளவு நீரில் அசைபோடுகின்றன.
இத்தாலிச் சதுப்பில் அவற்றின் பால்
வெள்ளை உருண்டையாகித் தட்டுக்கு வருகிறது.
அமேசான் வாயில் ஒரு தீவு,
பொலிஸ்காரர் எருமை மேலேறி ரோந்து போகிறார்.
கப்பல் உடைந்து நீந்தி வந்தவை என்று அங்கே கதை.
யார் ஓட்டிப்போனார், யார் விற்றார், யார் திருடினார்,
அதெல்லாம் மனுஷர் கணக்கு.
போய் இறங்கிய இடத்திலெல்லாம்
அது கேட்டது ஒன்றுதான்:
சேறு எந்தப் பக்கம்?

"ரெண்டு நாளா இங்கனதான்" என்றாள் காத்தாயி.
"மடி கட்டிப்போயி கத்துச்சு. நான்தான் கறந்தேன்.
களவுன்னு எழுதிறாதீங்க."
பால்மா டின்னில் பால் அப்படியே இருந்தது,
மேலே ஒரு தட்டு மூடி.

நாலு மணிக்குக் கன்றோடு ஏறி வந்தாள் ரன்மெனிகே.
மூச்சு வாங்கியது, கையில் கயிறு.
காத்தாயிக்குச் சிங்களம் கடைக்குப் போதும்.
ரன்மெனிகேக்குத் தமிழ் அதுவும் இல்லை.
அவள் நாக்கை அண்ணத்தில் ஒட்டி
ஒரு சொடுக்குப் போட்டாள்.
எருமை காதை மட்டும் ஆட்டியது.
இவளும் போட்டாள், அதே சொடுக்கு.
எந்த நெடுங்கணக்கிலும் எழுத்தில்லாத ஓசை.
யார் யாரிடம் கற்றது என்று
இருவருமே திரும்பிப் பார்த்தார்கள்.
கான் சுவரை உரசிக்கொண்டு
ஒரு மேடு எழுவதுபோல் எழுந்தது எருமை.
கன்று ஓடிப்போய் முட்டியது.

டின்னை நீட்டினாள் காத்தாயி.
ரன்மெனிகே பாதியை அவள் கோப்பையில் சரித்துவிட்டு
மீதியோடு திரும்பியவள் என் குடுவையைப் பார்த்தாள்.
ஊசி வேணுமா என்றேன் சிங்களத்தில்.
"கீழே காளை இருக்கு, மாத்தயா."
மூடியை இறுக்கினேன். உள்ளே
தாத்தன் பெயரோடு தூங்கினார்கள் கனவான்கள்.

நிறம்: கறுப்பு என்று எழுதினேன்.
கீழ்க் கட்டத்தில் பேனா நின்றது, நிற்கட்டும்.
மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போது பார்த்தேன்:
பீலியில் வாளி நிறையப் பிடித்து
காத்தாயி கானில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
துவைக்க அங்கே ஒரு துணியும் இல்லை.